ஒன்பதாம் துண்டு

பழங்காநத்தம், மதுரை
12-6-1982

அன்புத் தம்பி நல்லகாமனுக்கு,

அக்கா சின்னத்தாய் எழுதுகிறேன். நானும் உன் மச்சானும் மகள் முத்துவும் சுகம். கோவாவில் மழை பிடித்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். மழை வந்தால் உனக்கு மூக்கடைக்குமே, எப்படி இருக்கிறாய்?

அம்மா போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உசிலம்பட்டியில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கொள்ளி வைத்து முடிந்து எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். செய்தி எனக்குத் தாமதமாக வந்தது என்று உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன். நீ வேறு பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்கப்புறம் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போகட்டும், மூத்தவள் நானே எழுதுகிறேன்.

உன் மச்சானின் கடலடி மண் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்துவிட்டது. வருகிற மார்ச்சில் ஹைதராபாத்தில் பெரிய கருத்தரங்கு. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்களாம், அங்கே இவர்தான் பேசுகிறார். கல்லூரியில் புதிதாக ஆராய்ச்சி மையம் தொடங்கி இவரையே தலைவராகப் போடுவதாகப் பேச்சு. கட்டுரையைப் புரட்டிப் பார்த்தேன். பேராசிரியர் காசிமாயன் என்று ஒரே பெயர்தான் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். கடுகிலும் சின்னதான அந்தக் கடலுயிரி ஓடுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து, சுழி இடம் எத்தனை, வலம் எத்தனை என்று இரண்டு வருஷம் எண்ணிக் கொடுத்தேனே, அது எதற்கு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. விருந்துக்கு வருகிறவர்களிடம் இவர் விளக்குவதைச் சமையலறையிலிருந்து காதில் வாங்கியதுதான். பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவளுக்குப் புரிகிற மாதிரி நீயாவது எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
சின்னத்தாய்


பணஜி
4-7-1982

அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமும் முத்துவின் படிப்பும் அறிய ஆவல்.

கேட்டதற்குச் சொல்கிறேன். பூமி சூரியனைச் சுற்றும் பாதை எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஏறக்குறைய லட்சம் ஆண்டுக்கு ஒரு தடவை வட்டம் சற்று நீண்டு, மறுபடி ஒடுங்குகிறது. பூமியின் சாய்வு நாற்பத்தோராயிரம் ஆண்டுக்கு ஒரு சுற்று கூடிக் குறைகிறது. சுழலும் பம்பரம் தலையாட்டுகிற மாதிரி ஓர் ஆட்டமும் உண்டு. இந்த மூன்றும் சேர்ந்துதான் துருவங்களுக்கு எந்தக் காலத்தில் எவ்வளவு வெயில் கிடைக்கும் என்று தீர்மானிக்கின்றன. வெயில் குறைந்தால் பனி வளரும். ஆனால் வெயில் மட்டும் போதாது. வெப்பத்தைத் துருவத்துக்குக் கொண்டுபோவது கடல் நீரோட்டம். தென்துருவத்தின் ஓரத்தில் குளிர்ந்து கனத்த நீர் அடியில் இறங்கி, தரையோடு தரையாக நம் இந்தியப் பெருங்கடல் வரை வருகிறது.

நீ எண்ணிய ஓடு, குளிர்ந்த கடலில் இடப்பக்கம் சுழியும், வெதுவெதுப்பான கடலில் வலப்பக்கம் சுழியும். அதை வைத்து அன்றைக்குத் தென்கடல் எவ்வளவு குளிர்ந்திருந்தது என்று சொல்லலாம். அதே ஓட்டில் உள்ள ஆக்சிஜனை அளந்தால் உலகம் முழுவதும் எவ்வளவு பனி உறைந்து கிடந்தது என்று தெரியும். பனி முதலில் உருகியதா, தென்கடல் முதலில் சூடேறியதா என்பதுதான் கேள்வி. நான்கு வருஷம் நான் தேடியது அதைத்தான்.

நான் என்றுதான் எழுதுகிறேன், அக்கா. உன் புருஷன் அந்த மண்ணைக் கையால் தொட்டதில்லை. கப்பலிலிருந்து வந்த மண்துண்டுகளை மெல்லிய வில்லைகளாக வெட்டியது முழுக்க நான். பெயர் எங்கே என்று கேட்டேன். “அடுத்த கட்டுரையில போடுவோம் மாப்ள, உனக்குப் பொறுமையில்ல” என்றார். அடுத்த மாதமே என் உதவித்தொகையை நிறுத்தி, வேலையில் அக்கறையில்லாதவன் என்று சான்றிதழும் எழுதிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு இங்கே குடுவை கழுவும் வேலைதான் கிடைத்தது. நான் எதையும் மறக்கவில்லை.

கடலடியில் குழாய் இறக்கி எடுத்த அந்த மண்ணின் ஒன்பதாம் துண்டு, அதன் படம் கட்டுரையில் இருக்கிறதா? பார்த்து எழுது.

இப்படிக்கு
நல்லகாமன்


பழங்காநத்தம்
22-7-1982

அன்புத் தம்பிக்கு,

சுகம். உன் மூக்கடைப்புக்கு ஓமத்தை வறுத்து முடிந்து முகர்ந்து பார்.

விளக்கி எழுதியதற்குச் சந்தோஷம். இரண்டு வருஷம் குனிந்து கிடந்த கழுத்துவலிக்கு இப்போதுதான் ஒரு காரணம் கிடைத்தது.

ஒன்பதாம் துண்டின் படம் முழுப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறது. வடக்கே பனி முதலில் உருகுகிறது, தென்கடல் சில ஆயிரம் ஆண்டு பிந்தித்தான் சூடாகிறது என்று அதை வைத்துத்தான் உன் மச்சான் சொல்லியிருக்கிறார். இதுவரை வெளிநாட்டுக்காரர்கள் சொன்னதற்கு நேர் எதிராம். அதனால்தான் இவ்வளவு பேர் கேட்டுக்கொண்டு வருகிறார்களாம்.

அவரிடம் உனக்குக் கோபம் இருப்பது நியாயம். என்னிடம் என்ன கோபம் என்பதையும் ஒரு நாள் எழுது. படத்தை ஏன் கேட்டாய்?

அக்கா
சின்னத்தாய்


பணஜி
15-8-1982

அக்காவுக்கு,

சுகமே. அனைவர் சுகத்துக்கும் எழுதவும்.

சும்மா கேட்டேன். ஹைதராபாத்திலும் அதே படத்தைத் திரையில் காட்டச் சொல், எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாக. எங்கள் ஆய்வகத்திலிருந்தும் ஆள் அனுப்புகிறார்கள். நானும் வருவேன். பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

உன்மேல் என்ன கோபம் என்று கேட்கிறாய். மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்கு ஒரு மணி நேரப் பஸ். கோவாவிலிருந்து வந்தவன் கொள்ளிக்கு நின்றேன். அவ்வளவுதான்.

நல்லகாமன்


பழங்காநத்தம்
24-11-1982

அன்புத் தம்பிக்கு,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு உடம்பு சரியில்லை என்று வைத்துக்கொள். இப்போது தேவலை. நீ எப்படி இருக்கிறாய்?

தீபாவளிக்கு மறுநாள் பெரியப்பா மகன் சோலை அண்ணன் முத்துவைப் பார்க்க வந்திருந்தார். அம்மாவைப் பற்றி ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினோம் என்பதை நேரில் சொல்கிறேன்.

முத்து பெரியவளாகிவிட்டாள். தை கடைசியில் சடங்கு வைத்திருக்கிறோம். தாய்மாமன் நீ ஒருத்தன்தான். மச்சான்மேல் உள்ளதை எல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, சீர் கொண்டு வந்து நிற்க வேண்டும்.

இனிமேல் கடிதத்தை வீட்டு முகவரிக்குப் போடாதே. பக்கத்து வீட்டு ரங்கநாயகி அக்கா பெயருக்குப் போடு. அந்தம்மா சௌராஷ்டிரக்காரர், நல்ல மாதிரி. பிரிக்காமல் என் கையில் கொடுப்பார்.

உன் மச்சான் நன்றாக இருக்கிறார். மிகவும் நன்றாக இருக்கிறார்.

அக்கா
சின்னத்தாய்


பணஜி
8-2-1983

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பயண அலுப்பைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. முத்துவுக்குத் திருஷ்டி கழித்தாயா?

சீர்த்தட்டோடு உள்ளே வரும்போது என் கால் தயங்கியது. மச்சான் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து, “தாய்மாமன் வந்தாச்சு, இனி ஆரம்பிங்கப்பா” என்றார். கல்லூரியில் அவரை ‘சார்’ என்றுதான் நான் கூப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்ன மனுஷன். முத்து என் காலில் விழுந்து எழுந்து, “மாமா, அப்பா பேசுறதக் கேக்க ஹைதராபாத்துக்குப் போறீங்களாமே? எனக்கும் சேத்துக் கை தட்டுங்க” என்றாள். பஸ் முழுக்க அந்தப் பேச்சுத்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

சோலை அண்ணன் விஷயம் என்னவென்று கேட்டேன். “பந்தி நடக்குது, அப்புறம்” என்றாய். அந்த அப்புறம் வரவே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் துண்டு தலைகீழ், அக்கா. வெளிநாட்டுக் கப்பலில் குழாயை அறுத்து அடையாளமிட்டவர்கள் மேலைக் கீழாக்கி எழுதிவிட்டார்கள். அதில் எரிமலைச் சாம்பல் அடுக்கு ஒன்று இருக்கிறது. சாம்பல் கடலில் விழுந்தால் பரும்பொடி முதலில் தங்கும், நைஸ் பொடி அதன்மேல் படியும். இந்தத் துண்டில் பரும்பொடி மேலே இருக்கிறது. இரண்டு முனையிலும் பனிக்காலம், நடுவில் வெப்பக்காலம் என்பதால், திருப்பி வைத்தாலும் மற்றத் துண்டுகளோடு பொருந்திப்போய் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நேராக வைத்தால் முன்பின் மாறிவிடும். தென்கடல்தான் முதலில் சூடேறியிருக்கிறது. மச்சானின் முடிவு முழுக்கத் தப்பு.

இதை நான் கண்டுபிடித்த அன்றே அவரிடம் சொல்லத்தான் போனேன். மேசைமேல் தட்டச்சான கட்டுரை கிடந்தது, ஒற்றைப் பெயரோடு. வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன். அச்சில் வரட்டும், புகழ் ஏறட்டும், உச்சியில் நிற்கும்போது எல்லோர் முன்னாலும் நானே எழுந்து கேட்கிறேன் என்று காத்திருந்தேன். அந்த நினைப்பில்தான் இத்தனை நாள் குடுவை கழுவினேன்.

இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது, முத்துவுக்காக. நான் எழுதினால் அவர் பிரிக்காமலே கிழித்துப் போடுவார். நீ வாயால் சொல். சாம்பல் அடுக்கைப் பார்த்தால் அவருக்கே விளங்கும். பேச்சை மாற்றிக்கொள்ள இன்னும் அவகாசம் இருக்கிறது.

அன்புடன்
தம்பி நல்லகாமன்


பழங்காநத்தம்
14-2-1983

தம்பிக்கு,

அனைவரும் சுகம். உன் கடிதம் கிடைத்தது. சாம்பல், பரும்பொடி எல்லாம் புரிந்தது. நான் சொல்லிக்கிறேன். நீ நிம்மதியாக ஹைதராபாத்துக்குப் போ.

அக்கா


ஹைதராபாத்
17-3-1983

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பதை மட்டும் உடனே எழுது.

மச்சான் கோட்டு போட்டுக்கொண்டு மேடை ஏறியபோது, பேச்சை மாற்றியிருப்பார் என்ற நம்பிக்கையில் பின்வரிசையில் நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். விளக்கை அணைத்தார்கள். திரையில் ஒன்பதாம் துண்டு வந்தது, சுவர் அளவுக்கு. ஒரு வார்த்தை மாறவில்லை. பேசி முடித்ததும் நல்ல கைதட்டல்.

வெள்ளை முடியோடு ஒரு வெளிநாட்டு அம்மாள் எழுந்தார். “அந்தச் சாம்பல் அடுக்கில் பரும்பொடி மேல்பக்கம் இருக்கிறதே, எப்படி?” என்று பதமாகத்தான் கேட்டார். மச்சான் படத்தைப் பார்த்தார். “நீரோட்டம் கலைத்திருக்கலாம்” என்றார். “கலைத்திருந்தால் இவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருக்குமா? துண்டு தலைகீழாக இருக்க வாய்ப்பில்லையா?” என்றார் அந்த அம்மாள். மச்சான் தண்ணீர் குடித்தார். அரங்கத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை என்மேல் வந்து நின்றது. அத்தனை பேருக்கு நடுவில், மைக்கில், தமிழில் கேட்டார்.

“மாப்ள... நீதானப்பா வெட்டுன. நீ சொல்லு.”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எழுந்து ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். “அந்தத் துண்டு தலைகீழ்தான், சார். வெட்டிய கொஞ்ச நாளிலேயே எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் சொல்லல?”

“கட்டுரையில் என் பெயர் இல்லையே, சார்.”

எங்கோ ஒருத்தர் சிரித்தார், உடனே அடக்கிக்கொண்டார். தலைவர் அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டார். மச்சான் தாள்களைச் சேர்க்கும்போது இரண்டு கீழே விழுந்தன. குனிந்து எடுக்கக்கூட இல்லை, அப்படியே போய்விட்டார்.

பொய் சொல்ல மாட்டேன். எழுந்து நின்ற அந்த நேரம் இனித்தது. கண் முன்னால் முத்து வந்ததும் அந்த இனிப்பு போய்விட்டது.

நீ சொல்லியும் அவர் கேட்கவில்லையா? இல்லை, சொல்லவே இல்லையா?

நல்லகாமன்


பழங்காநத்தம்
2-4-1983

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். முத்து சுகம், பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். உன் மச்சான் உடம்பளவில் சுகம்.

நான் சொல்லவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் சோலை அண்ணன் காப்பியை வாங்கிக்கொண்டே கேட்டார். “ஏந்தங்கச்சி, அன்னைக்கு நான் காலேசுக்கே வந்து சொல்லியும் நீ வராமப் போயிட்டியே?”

“எந்த அன்னைக்குண்ணே?”

“சின்னம்மா இழுத்துக்கிட்டுக் கெடந்தன்னைக்குத்தேன். சின்னத்தாயக் கூப்புடு, சின்னத்தாயக் கூப்புடுன்னு ஒரே பாட்டு. காலைலயே பஸ்ஸப் புடிச்சு வந்தேன். மாப்ள காலேசு கேட்லயே நிப்பாட்டி, ‘நான் சொல்லிக்கிறேன் மச்சான், நீங்க கெளம்புங்க’ன்னாரு. மறுநா பொழுது சாயுற வரைக்கும் உசுரு இருந்துச்சு தங்கச்சி. வாசலையே பாத்துக்கிட்டு கெடந்துச்சு.”

அன்றைக்கு இங்கே என்ன நடந்தது தெரியுமா? கப்பலில் மண் எடுத்துக் கொடுத்த வெள்ளைக்காரர் இரண்டு நாள் விருந்தாளியாக வந்திருந்தார். நான் கோலா உருண்டை பொரித்துக்கொண்டிருந்தேன். “சமையல் பிரமாதம்னு சொல்றாரு” என்று உன் மச்சான் இரண்டு தடவை உள்ளே வந்து சொன்னார். அதைச் சொல்ல வந்த வாயால் இதையும் சொல்லியிருக்கலாம். விருந்தாளியை ரயிலேற்றிவிட்டு வந்த பிறகுதான், இப்போதுதான் தகவல் வந்ததுபோல, “அத்தைக்கு ரொம்ப முடியலையாம், காலைல கெளம்பு” என்றார். நானும் நம்பித்தான் பஸ் ஏறினேன்.

தீபாவளியிலிருந்து மூன்று மாதம் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு சமாதானம் சொல்வார், நான் அழுவேன், அதோடு முடிந்துபோகும். அப்படி முடிய விடக் கூடாது என்று இருந்தேன். உன் கடிதம் வந்தது.

ஹைதராபாத்திலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “உன் தம்பி என்னயக் கவுத்துட்டான்” என்றார்.

“அவன் கவுக்கல. முன்கூட்டியே உங்ககிட்டச் சொல்லச் சொல்லி எழுதுனான்.”

“யாருக்கு?”

“எனக்கு.”

“அப்ப நீ ஏன் சொல்லல?”

“அன்னைக்கு வீட்ல விருந்தாளி இருந்தாங்க” என்றேன்.

அது உண்மையும்கூட. உன் கடிதம் வந்த அன்று கருத்தரங்குக்காரர்கள் நாலு பேருக்கு இங்கே சாப்பாடு. ஆனால் அவருக்கு விளங்கவில்லை, முறைத்தார். “சோலை அண்ணன் காலேசு கேட்ல வந்து நின்னப்ப இருந்த விருந்தாளி மாதிரி” என்றேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வந்தார். “சொல்லாதீங்க” என்றேன். அன்றைக்கு இரண்டாவது தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். ரொம்ப நாளுக்கப்புறம் ருசி தெரிந்தது.

மையத்துக்கு வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். வேலை இருக்கிறது, சம்பளம் வருகிறது. முத்துவிடம் அவர் பேச்சில் பிழை வந்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நீ மன்னிக்க நினைத்தாய். உன்னை மீறி நான் செய்தேன். அதற்காக உன்னிடம் வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை.

அக்கா
சின்னத்தாய்


பணஜி
30-4-1983

என் அக்காவுக்கு,

சுகம். வெயிலில் அலையாதே, உனக்குத் தலைசுற்றும்.

கடிதத்தை முதல் தடவை நின்றபடியே படித்தேன். அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தது எனக்கும் தெரியாது. நான் வந்து சேரும்போது பேச்சு நின்றுவிட்டது. நீ செய்தது சரியா என்று என்னைக் கேட்காதே. உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் இதைத்தான் செய்திருப்பேன்.

அந்த வெள்ளை முடி அம்மாள் எழுதியிருக்கிறார். குழாயை நீளவாக்கில் பிளந்ததில் இன்னொரு பாதி அவர்கள் கிடங்கில் இருக்கிறதாம். சாம்பல் அடுக்கைப் பார்த்துத் தலைகீழ் என்று உறுதி செய்துவிட்டார்கள். துண்டை நேராக்கித் திரும்பக் கணக்கிட்டு என்னையே எழுதச் சொல்கிறார். செய்து பார்த்தேன். தென்கடல் முதலில் சூடேறுகிறது. சில ஆயிரம் ஆண்டு கழித்துத்தான் வடக்கே பனி உருகுகிறது. எங்கள் இயக்குநரே என் மேசைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கட்டுரையில் இரண்டு பெயர் போடப் போகிறேன். ஒன்று என்னுடையது, ஒன்று உன்னுடையது. சுழி எண்ணியது முழுக்க நீ. சம்மதமா? காசிமாயன் என்ற பெயர் என் பேனாவில் வராது.

அன்புத் தம்பி
நல்லகாமன்


பழங்காநத்தம்
15-5-1983

அன்புத் தம்பி நல்லகாமனுக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் நலம். முத்து கணக்கில் தொண்ணூறு வாங்கியிருக்கிறாள். கோவாவில் மழை தொடங்குமுன் ஒரு கம்பளி வாங்கிக்கொள்.

கொஞ்ச நாள் உசிலம்பட்டியில் போய் இரு என்று ரங்கநாயகி அக்கா சொல்கிறார். நான் எதற்குப் போக வேண்டும்? ஒவ்வொரு வேளையும் என் கையால் பரிமாறி, என் முகத்தைப் பார்த்துச் சாப்பிட வைக்கிறேன். ஜூனில் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவரிடம் கேட்கவில்லை, சொன்னேன்.

பெயர் போடச் சம்மதம். ஆனால் இரண்டு போதாது. அவர் பெயரையும் போடு. பல்லைக் கடிக்காமல் மேலே படி. மண்ணை வாங்கி வந்தது அவர்தான். அவரை விட்டுவிட்டால், பொறாமையில் விட்டார்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். போட்டால் வாய் திறக்க முடியாது. முதலில் நல்லகாமன், அடுத்து சின்னத்தாய், அதற்கப்புறம் காசிமாயன். இனிமேல் எந்த ஊரில் எந்த மேடையில் இந்தக் கட்டுரையைத் தன்னுடையது என்று காட்டினாலும், நம் இரண்டு பேரையும் படித்துவிட்டுத்தான் அவர் தன் பெயருக்கு வர வேண்டும்.

பெயர் போடச் சம்மதம் என்று நானே ஒரு தாள் எழுதி நேற்று அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“மூணாவதாவா?” என்றார்.

“ஆமாங்க. மூணாவதா.”

பேனாவை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்ட தாளை இதோடு அனுப்பியிருக்கிறேன்.

அக்கா
சின்னத்தாய்